ஆடாத ஆட்டங்களுக்கு ஏன் காசு கொடுக்கிறோம்?

வாசகர் கேள்வி பதில்: கணினி, கேம் பகுதி

மலிவு விற்பனைக் காலம் முடிந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்பவை: வாங்கிவிட்டேன், ஆடவில்லை. இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் என் கணக்கில் 340 கேம்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஒவ்வொரு மலிவு விற்பனையின்போதும் இந்த முறை வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் 100, 150 வெள்ளி (ரிங்கிட்) போய்விடுகிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆடவும் தெம்பில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உங்களுக்கு மட்டுமில்லை. 2014 ஏப்ரலில் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற இணைய இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. கணக்குகளில் பதிவாகியிருந்த கேம்களில் சுமார் 37 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. பத்தாண்டு கழித்து, 2024ஆம் ஆண்டுக்கு ஸ்டீமே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: ஒரு பயனர் அந்த ஆண்டில் ஆடிய கேம்களின் இடைநிலை எண்ணிக்கை, அதாவது பயனர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்ணிக்கை, வெறும் 4. ஆடிய மொத்த நேரத்தில் அந்த ஆண்டே வெளிவந்த கேம்களுக்குப் போனது 15 விழுக்காடு. மற்ற நேரமெல்லாம் பழைய கேம்களுக்குத்தான். கடை நிறையப் புதுச்சரக்கு இருந்தாலும் மக்கள் ஆடுவது கைப்பழக்கமான நாலைந்தைத்தான்.

முதலில் அந்த 340 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். தொகுப்பாக வாங்கும்போது ஒன்றுக்கு ஆசைப்படுவோம். கூடவே ஏழெட்டு வந்து சேரும். இலவசமாகக் கிடைத்ததும் அதில் இருக்கும். இவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதனால் ஆடாமல் விட்டதற்காக வருத்தப்பட வேண்டியதுமில்லை. தனியாகத் தேடிப் பார்த்து, தனியாகக் காசு கொடுத்து, அப்புறமும் திறக்காமல் விட்டவை எத்தனை? அந்த எண்தான் முக்கியம். அது பெரும்பாலும் நீங்கள் பயப்படுவதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

ஏன் வாங்குகிறோம் என்பதற்கு வருவோம். 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், ஒரு பொருளை வாங்கும்போது இரண்டு வேறுவேறு திருப்திகள் கிடைக்கின்றன என்று 1985லேயே எழுதினார். ஒன்று, அந்தப் பொருளைப் பயன்படுத்துவதால் வருவது. மற்றது, பேரம் நன்றாக அமைந்ததால் வருவது. தீபாவளி நேரத்தில் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் மூன்று சேலை நூறு வெள்ளி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவது சேலையை உடுத்த எடுப்பவர்கள் குறைவு, பேரத்துக்காக எடுப்பவர்களே அதிகம். 120 வெள்ளி கேம் 30 வெள்ளிக்கு வந்தால், 90 வெள்ளி மிச்சம் என்ற சந்தோஷம் பணம் கட்டிய நொடியிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குக் கேமைத் திறக்க வேண்டியதில்லை. வாங்கிய இரவே ஆர்வம் வடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். தேடி வந்தது கைக்கு வந்துவிட்டது. மனசு அடுத்ததைப் பார்க்கிறது.

இன்னொரு காரணம், வாங்குபவர் வேறு, ஆடப்போகிறவர் வேறு என்பது. டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ஷோபனா கல்யாணராமன் ஆகிய மூவரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 திரைப்படங்கள் கொண்ட பட்டியலிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றே பார்க்க என்றால் ஆட்கள் லேசான படங்களை எடுத்தார்கள். பிறகு பார்க்க என்றால் கனமான, உயர்வான படங்களின் பக்கம் சாய்ந்தார்கள். மலிவு விற்பனையில் நாம் எடுப்பதெல்லாம் பிறகு ஆடுவதற்குத்தான். அதனால் 50, 100 மணி நேரம் ஓடும் பெரிய கதை கேம்களாகக் கூடைக்குள் போகின்றன. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்குக் களைத்துப்போய் உட்காரும் ஆள் அவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. வழக்கமான கால்பந்து கேமைத் தட்டிவிடுகிறார்.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் 4 மணி நேரம் ஆடுகிறீர்கள் என்றால் ஆண்டுக்கு 208 மணி நேரம். 'தி விட்சர் 3' கேமின் முதன்மைக் கதை மட்டும் சுமார் 50 மணி நேரம் பிடிக்கும்; அந்த அளவில் நான்கு கேம்தான் ஓர் ஆண்டில் முடியும். 'பெர்சோனா 5 ராயல்' சுமார் 100 மணி நேரம் கேட்கும், அரையாண்டு போய்விடும். 'போர்ட்டல்' போன்றது மூன்று நான்கு மணி நேரத்தில், ஒரே வார இறுதியில் முடிந்துவிடும். வாங்குமுன் 'ஹவ் லாங் டு பீட்' இணையத்தளத்தில் பெயரைப் போட்டு மணி நேரத்தைப் பாருங்கள். விலைப் பட்டியலைவிட அந்த எண்ணே உங்களுக்குப் பயன்படும்.

கடைசியாக, பணப்பையில் தங்கும் மிச்சம். ஸ்டீம் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் இந்தப் பணப்பைக்குக் குறிப்பிட்ட தொகைகளாகத்தான் பணம் ஏற்ற முடியும். 83 வெள்ளிக்கு வாங்க 100 வெள்ளி ஏற்றினால் 17 வெள்ளி உள்ளே நிற்கும். அது சும்மா கிடக்கும் காசு போலத் தோன்றும். அந்தப் 17 வெள்ளிக்குப் பொருத்தமாக ஏதாவது தேடுவோம், 22 வெள்ளிக்கு ஒன்று கண்ணில் படும், மறுபடியும் ஏற்றுவோம். பணப்பையை விட்டுவிட்டு, வாங்கும் கேமின் சரியான விலையை மட்டும் வங்கி அட்டையில் கட்டினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

எங்கள் யோசனை ஒன்றே ஒன்று: இன்றிரவு ஆடப் போவதாக இருந்தால் மட்டும் இன்று வாங்குங்கள். தள்ளுபடி எத்தனை விழுக்காடானாலும் சரி, இன்றிரவு ஆடப்போவதில்லை என்றால் விருப்பப்பட்டியலில் போட்டு வையுங்கள். 20 விழுக்காடோ அதற்கு மேலோ விலை குறையும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும்.

கேள்வி: சலுகை போய்விட்டால் மறுபடி வருமா? இன்று விட்டால் விட்டதுதானே? — வாசகர், செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: வரும். ஸ்டீமில் ஒரு கேமுக்குச் சலுகை முடிந்தால் அடுத்த சலுகைக்கு ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி வேண்டும் என்று விதி உண்டு. பெரிய பருவ விற்பனைகளுக்கு அந்த இடைவெளிகூடத் தேவையில்லை. ஒரு முறை 60 விழுக்காடு குறைத்தவர்கள் அநேகமாக அடுத்த பருவத்திலும் அதே அளவுக்காவது குறைப்பார்கள். 2015 வரை சில மணி நேரம் மட்டும் நிற்கும் திடீர்ச் சலுகைகள் இருந்தன. அந்த ஆண்டு ஜூனில் பணம் திருப்பித் தரும் விதி வந்தது. ஆண்டு இறுதி விற்பனைகளிலேயே திடீர்ச் சலுகைகள் நின்றுவிட்டன. இப்போது விற்பனையின் முதல் நாள் விலைதான் கடைசி நாள் விலையும். நம் நேரப்படி அதிகாலை 1 மணிக்கோ, டிசம்பரில் 2 மணிக்கோ விற்பனை தொடங்கும்போது கண்விழித்துக் காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் வாங்குவதுதான் அதிகமாகும்.

பழைய விலைகளைப் பார்க்க 'ஸ்டீம்டிபி' தளத்தில் கேமின் பெயரைத் தேடி, நாணயத்தை ரிங்கிட்டுக்கு மாற்றுங்கள். இதுவரை வந்த மிகக் குறைந்த விலை அங்கே இருக்கும். அமெரிக்க டாலரில் விலை போடும் கடைகளில் வாங்கினால் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி உண்டு. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச் 1 முதல் 8 ஆகியிருக்கிறது. பட்டியலில் மலிவாகத் தெரியும் கடை, பணம் கட்டும் பக்கத்தில் மலிவாக இருப்பதில்லை.

பொறுத்திருப்பதில் இன்னொரு நன்மை, கேம் பழுது நீங்கி வரும். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தபோது சோனியின் பழைய பிளேஸ்டேஷன் கேம் கருவியில் ஆடவே முடியாத நிலை. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு கேமின் அடிப்படைகளையே மாற்றியமைத்தது. முதல் வாரத்தில் முழு விலை கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததைவிட நல்ல கேம், பிறகு வாங்கியவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது.

கேள்வி: போன வாரம் ஐந்து கேம் வாங்கினேன். இரண்டு போதும் என்று இப்போது தோன்றுகிறது. மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? — வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஸ்டீம் என்றால் முடியும், உடனே செய்யுங்கள். வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும். ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் காரணம் எதுவானாலும் பணம் வரும். பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டீம் உதவிப் பக்கத்தில் உள்நுழைந்து, 'பர்ச்சேஸஸ்' என்பதில் கேமைத் தேர்ந்தெடுங்கள். பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை அழுத்திக் காரணத்தைக் குறியுங்கள். பணம் எங்கே வர வேண்டும் என்று கேட்கும்போது கவனம் தேவை. பணப்பையைத் தேர்ந்தெடுத்தால் அது மறுபடியும் கேமாகத்தான் மாறும். கட்டிய வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டதிலிருந்து ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிட வேண்டும்.

ஆட்கள் வழுக்குவது பெரும்பாலும் அந்த 2 மணி நேரத்தில்தான். கேம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் ஏறும். முகப்புப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும், திரை அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாலும் நிமிடம் ஓடும். சில புதிய கேம்கள் முதல் முறை திறக்கும்போது வரைகலைக் கோப்புகளைத் தயாரிக்கவே பத்து இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவும் கணக்குதான். சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். தொகுப்பாக வாங்கியிருந்தால் தொகுப்பு முழுவதையும்தான் திருப்ப முடியும். அதிலுள்ள எல்லா கேம்களின் நேரமும் சேர்ந்து 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வேறு தளத்தில் வாங்கி, ஸ்டீமில் போட்டுக் கேமைப் பெறும் குறியீட்டு எண்ணுக்கு ஸ்டீம் பணம் தராது. அந்த எண்கள் மலிவாகக் கிடைப்பதும், அவற்றை வாங்கிக் குவிப்பதும், ஆடாத கேம் சேர்வதற்குப் பெரிய காரணம் என்றே சொல்வோம்.

முழு விலையில் வாங்கிய சில நாளில் அதே கேம் சலுகைக்கு வந்துவிட்டால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். அதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதியிருக்கிறது.

எபிக் கடையிலும் 14 நாள், 2 மணி நேரம்தான் அடிப்படை விதி. ஜிஓஜி என்ற கடை 30 நாள் வரை, ஆடியிருந்தாலும் ஏற்கிறது. பிளேஸ்டேஷன் கடைதான் கறார்: 14 நாளுக்குள் கேட்கலாம், ஆனால் பதிவிறக்கம் தொடங்கியிருக்கக் கூடாது. பிளேஸ்டேஷனில் வாங்கியதும் தானாக இறங்கத் தொடங்கும் வசதியை அணைத்து வையுங்கள். அது ஓடிவிட்டால் உங்கள் உரிமை அங்கேயே முடிந்தது.

கேள்வி: பாயான் லெப்பாஸில் 12 மணி நேர ஷிப்ட். விடுமுறை நாளில் ஆட உட்கார்ந்தால் எதை ஆடுவது என்று தேடுவதிலேயே நேரம் போகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பதிவிறக்கம் முடிவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. — வாசகர், பினாங்கு

பதில்: தேர்வையும் பதிவிறக்கத்தையும் ஆடும் நாளிலிருந்து பிரித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

100 ஜிபி கேமுக்கு, 100 எம்பிபிஎஸ் இணையம் முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 2 மணி 15 நிமிடம் ஆகும். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம். வீட்டில் மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். மூன்று மணி நேரம் ஓய்வு கிடைத்த ஆளுக்கு இது கதவை மூடிவிட்டது மாதிரிதான். அதனால் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதே பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டுப் போங்கள். ஸ்டீமில் அமைப்புகளுக்குள் 'டவுன்லோட்ஸ்' பகுதியில், தானியங்கிப் புதுப்பிப்புகள் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று குறிக்கலாம்; அந்த நேரத்தில் கணினி விழித்திருக்க வேண்டும், உறக்க நிலைக்குப் போய்விட்டால் ஒன்றும் இறங்காது. பலருக்கும் இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அந்த உறக்க நிலைதான். பிளேஸ்டேஷன் 5 என்றால் ஓய்வு நிலையில் இணையத்தோடு இணைந்திருக்கும் அமைப்பை இயக்கி வையுங்கள்.

கணினியிலோ பிளேஸ்டேஷனிலோ மூன்று கேமுக்கு மேல் இறக்கி வைக்காதீர்கள். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. இடம் இருக்கிறதே என்று பத்துக் கேமை இறக்கி வைத்தால், பத்தும் மாற்றி மாற்றிப் புதுப்பிப்புக் கேட்கும். நீங்கள் உட்காரும் நேரத்தில் தேர்ந்தெடுக்கும் வேலையும் மறுபடி தொடங்கும். எங்கள் கணக்கில் ஒரு நீளமான கதை கேம், அரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிற ஒன்று, நண்பர்களோடு ஆட ஒன்று. களைப்பாக இருக்கும் இரவுக்கு இரண்டாவது. கதை கேமை மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பினால் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதே மறந்திருக்கும். நிறுத்தும்போது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி கைப்பேசியில் எழுதி வைத்தால் திரும்பத் தொடங்குவது எளிது.

கிடப்பில் உள்ளவற்றைப் பார்க்க, ஸ்டீம் நூலகத்தில் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டியைத் திறந்து 'அன்பிளேய்ட்' என்பதைக் குறியுங்கள். திறக்காதவை மட்டும் தெரியும். அதில் ஐந்தைத் தனித் தொகுப்பாகச் சேருங்கள். மற்றவற்றை வலது சொடுக்கி மறைத்துவிடுங்கள். மறைத்தால் அழிந்துவிடாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். தேர்ந்தெடுத்த கேமுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று இழுத்துக்கொண்டு ஆடினால், போன காசோடு விடுமுறையும் போகும்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, வேலைக்குப் போகிறான். கேம் ஆடுவதைவிட வாங்குவதுதான் அதிகம். கடன் அட்டையில் 3,000 வெள்ளி பாக்கி நிற்கிறது. இது ஏதும் நோயா? — ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கும் கேமிங் கோளாறு ஆடுவதைப் பற்றியது: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பு, வேலை, உறவு கெடும் அளவுக்குப் போய், அது பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அதுபோல் தெரியவில்லை. இப்போது கவனிக்க வேண்டியது கடனைத்தான். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் 3,000 வெள்ளிக்கு மாதம் சுமார் 45 வெள்ளி வட்டிக்கே போகும். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 150 வெள்ளியைக் கட்டினாலும் அசலில் கழிவது 105 வெள்ளிதான்.

திட்டாமல் அவரோடு உட்கார்ந்து இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டீம் உதவிப் பக்கத்தில் கணக்குத் தரவுகளுக்குள் 'எக்ஸ்டர்னல் ஃபண்ட்ஸ் யூஸ்ட்' என்று ஒரு பக்கம் உண்டு. இதுவரை அந்தக் கணக்கில் போட்ட மொத்தப் பணம் அமெரிக்க டாலரில் அங்கே தெரியும். அவரே பார்க்கட்டும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்தது, ஸ்டீமிலும் மற்ற கடைகளிலும் சேமித்து வைத்திருக்கும் கடன் அட்டை எண்ணை அழிப்பது. ஒவ்வொரு முறையும் அட்டையை எடுத்து 16 எண்ணைத் தட்டும் அந்த அரை நிமிடத்தில் பல வாங்கல்கள் நின்றுவிடும். கடன் இன்னும் ஏறினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. தயங்காமல் போகலாம்.

கேள்வி: வட்டாக வாங்கினால் ஆடி முடித்து விற்றுவிடலாமே? பதிவிறக்கத்தைவிட அதுதானே மேல்? — வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: வாங்கிக் குவிப்பவர்களுக்கு வட்டு மேல்தான். ஸ்டீம் கணக்கை யாருக்கும் விற்கவோ மாற்றித் தரவோ ஒப்பந்தம் இடம் தராது. வட்டை விற்றால் அடுத்த வட்டுக்குக் காசாகும், அலமாரியில் இடைஞ்சலாக இருப்பதும் கண்ணில் படும். பழைய வட்டு வாங்கும்போது பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் கீறல் வேண்டாம். பிளேஸ்டேஷன் வட்டு எந்த நாட்டுடையதும் ஓடும். ஆனால் கூடுதல் பகுதிகளை வாங்க, வட்டும் உங்கள் கணக்கும் ஒரே வட்டாரமாக இருக்க வேண்டும். நம் கடைகளில் ஆர்3 என்று சொல்வது ஆசிய வட்டாரத்தை. வட்டு இயக்கி இல்லாத பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் இயக்கியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். நிண்டெண்டோ சுவிட்ச் பெட்டிகளில் சிலவற்றில் கேம் அட்டையே இருக்காது, வெறும் பதிவிறக்க எண் மட்டும். முதல் ஆள் பயன்படுத்தியிருந்தால் அது வெற்றுப் பெட்டி. பெட்டியின் முன்பக்க எழுத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வட்டு கையில் இருந்தாலும், எப்போதும் இணையம் கேட்கும் கேம் என்றால் பாதுகாப்பு இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கேமுக்கு 2024 மார்ச் 31ஆம் தேதி சேவையகத்தை நிறுத்தினார்கள். வட்டு வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. தனியாளாக ஆடும் கதை கேமைப் பத்தாண்டு கழித்தும் ஆடலாம். இணையத்தோடு மட்டும் ஓடும் கேமை, ஆட நேரம் இருக்கும் மாதத்தில் மட்டும் வாங்குங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் எப்போதும் இணைய இணைப்புத் தேவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.